திருடனுக்குக் கொசுறு

நைனா,

ஃபிரிட்ஜைத் திறந்தால் இன்னும் கறிவேப்பிலை வாசனை வருகிறது. கதவின் கீழ்த்தட்டில், பால் பாக்கெட்டுக்குப் பின்னால், அது பல வாரம் கிடந்தது. பச்சையாக இருந்தது கறுத்தது. கறுத்தது முறுகி, உறையைத் தொட்டாலே பொடியாக உதிர்ந்தது. அம்மா எல்லாவற்றையும் வெளியே கொட்டினாள். தட்டைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவினாள். எலுமிச்சம்பழத் தோலை வைத்தும் பார்த்தாள். அப்படியும் இன்று காலை தயிர் எடுக்கத் திறந்தபோது அந்த வாசனை வந்தது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. அம்மா வேலைக்குப் போய்விட்டாள், வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. யாரும் பார்க்காதபோதும் வெட்கப்பட முடியும் என்பது எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது.

அது உனக்கு வந்த கறிவேப்பிலை. ரைத்து பஜாரில் கத்தரிக்காய் விற்கிற முனெம்மா அக்கா, "உங்க நைனாகிட்ட குடு" என்று சொல்லி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் பையில் திணித்தது. நீ இறந்துவிட்டாய் என்று நான் அப்போதெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. அதை உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் "நீங்கள்" என்று எழுதி அடித்துவிட்டேன். ரேணிகுண்டா ஸ்டேஷன் கடையிலிருந்து நீ வாங்கி வந்த தமிழ்ப் புத்தகங்களில் பெண்பிள்ளைகள் எல்லாரும் அப்பாவை "நீங்கள்" என்கிறார்கள். எல்லையோர நகரியிலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்த நம் வீட்டில் எப்போதும் "இன்னா நைனா, நீ துன்னியா?"தான். நீங்கள் என்று எழுதினால், நான் கூப்பிடுவது வேறு யாரையோ என்று நீ பின்னால் திரும்பிப் பார்ப்பாய்.

பஜார் வாசலில் ஒரு பலகை இருக்குமே, அது எனக்குப் பிடிக்கும். விவசாயிகள் தங்கள் காயைத் தாங்களே கொண்டுவந்து விற்கிற இடம் என்பதால் அன்றைய விலையைக் காலையிலேயே அதில் எழுதிவிடுவார்கள். அதற்குமேல் யாரும் கேட்கக் கூடாது, குறைத்தும் கேட்க வேண்டியதில்லை. நான் உனக்கு அதை உரக்கப் படித்துக் காட்டுவேன். பேரமே பேசாமல் பத்து நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் மீதிக் கதையைப் படிக்கலாம் என்பது என் கணக்கு. உனக்கோ பேரம் பேசாமல் காய் வாங்குவது உப்பில்லாமல் சாப்பிடுவது போல. விலையில் பேச வழியில்லை என்று தெரிந்ததும் நீ கொசுறில் இறங்கினாய். "பலகையில எழுதுனது வெல. எழுதாதது கொசுறு" என்பாய். எடை போட்ட பிறகு மேலே விழுகிற ஒரு பிடிக்காக, எடை போடுவதற்கு ஆகிற நேரத்தைப் போல நாலு மடங்கு நேரம் நின்று பேசுவாய்.

"இன்னாக்கா, கத்திரிக்காய்க்கு மொகம் சுருங்கிப் போய்க்குது?"

"உன்ன பாத்துதான் சுருங்கிச்சு. நீ வர்ற வரிக்கும் நல்லாத்தான் இருந்திச்சு."

"பயந்துக்கினதுக்கு ரெண்டு சேத்துப் போடு."

"பயம் காட்டுனது நீதானே? நீ எனுக்கு ரெண்டு குடு."

வடமாலபேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வருகிற முனெம்மா அக்காவுக்குத் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் வரும். எந்தச் சொல் எந்த மொழி என்று அவளும் பார்க்கமாட்டாள், நீயும் பார்க்கமாட்டாய். நான் பையைப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளி நிற்பேன், என் வகுப்புப் பிள்ளைகள் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு.

உனக்குக் காய் பார்த்து எடுக்கவும் தெரியாது, நைனா. லேத் பட்டறையில் மயிரளவு தப்பு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற உன் கண்ணுக்குச் சொத்தைக் கத்தரிக்காய் தெரியாது. பேச்சு சுவாரஸ்யத்தில் அக்கா எதைப் போட்டாலும் வாங்கி வந்துவிடுவாய். அம்மா அரிவாள்மனையில் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பாள்.

"கண்ண எங்க வெச்சிக்கினு வாங்கன? பாதிய புழு துன்னுட்டுக்குது."

"அதுக்கும் பசிக்குமில்ல?"

பெரிய ரோட்டில் அந்தக் கடை திறந்தபோது, அங்கே போகலாம் என்று முதலில் சொன்னது நான்தான். நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கிற கடை. உள்ளே குளிர்ச்சி. ஒவ்வொரு காய்க்கும் பெயரும் விலையும் எழுதிய அட்டை. நாமே பொறுக்கி எடுக்கலாம், யாரும் கையைத் தட்டிவிடமாட்டார்கள், யாரும் கத்தமாட்டார்கள், யாரும் "ஏ பாப்பா" என்று கூப்பிடமாட்டார்கள். ஒரு புத்தகக்கடைக்குள் போவது போல எனக்கு இருந்தது. நீ இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்தாய்.

சுருளிலிருந்து கிழித்த பிளாஸ்டிக் உறையின் வாயைத் திறக்கத் தெரியாமல் நீ அதை ஊதி ஊதிப் பார்த்தாய். எடை போடுகிற பெண் பீன்ஸை வைத்து, ஸ்டிக்கர் ஒட்டி நீட்டினாள். நீ அதை வாங்காமல் நின்றாய்.

"கொசரு லேதா தல்லி?" கொசுறு இல்லையாம்மா என்று தெலுங்கில் கேட்டாய்.

"சிஸ்டம்ல கொசரு லேது அங்கிள்" என்று அவள் சிரித்தாள்.

அவள் சிரித்ததை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். எந்தக் கடைக்காரி இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதற்கு "எடுத்துக்கோ" என்று அர்த்தம் என்பதுதான் உனக்குத் தெரிந்த வழக்கம். பக்கத்து டிரேயிலிருந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எடுத்து பீன்ஸ் உறையின் முடிச்சில் செருகிக்கொண்டாய்.

வாசலில் பில்லோடு பையைச் சரிபார்க்கிற காவல்காரர் உன் வயசை ஒத்தவர். கொத்தைத் தொட்டுக் காட்டி, பில்லில் இது இல்லையே அண்ணா என்று தெலுங்கில் சொன்னார்.

"அது கொசுறுப்பா" என்றாய்.

அவர் தலைக்கு மேலே இருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தார். "நாக்கு தெலுசு அண்ணா. தானிக்கி தெலீது" என்றார். எனக்குத் தெரியும், அதுக்குத் தெரியாதே என்று. அவர் உன் பக்கம்தான் இருந்தார். அதைக்கூட நான் அப்போது கவனிக்கவில்லை. நமக்குப் பின்னால் வரிசை நின்றது. நான் முன்னால் வந்து, பள்ளிக்கூட இங்கிலீஷில், "சாரி சார், இவருக்கு ஒன்றும் தெரியாது" என்றேன்.

நீ கொத்தை எடுத்து அவர் மேஜையில் வைத்தாய். இலை கசங்காமல் பார்த்து வைத்தாய். வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்ததும் கேட்டாய்: "இன்னாம்மா, கொசுறுக்கு இங்கிலீஷ்ல இன்னா?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அன்றைக்குச் சொல்லியிருக்கமாட்டேன்.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். நீ அடுத்த ஞாயிறே பஜாரில் போய் அந்தக் கதையை நடித்துக் காட்டினாய். கேமரா, காவல்காரர், இங்கிலீஷ் பேசின நான், எல்லாரும் வந்தார்கள். முனெம்மா அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து நீ "தொங்கா" ஆனாய். தெலுங்கில் திருடன். "ஏமிரா தொங்கா, வந்துட்டியா? இந்தா, பில்லு வோணுமா?" என்று கறிவேப்பிலையை ஒரு பிடிக்குப் பதில் இரண்டு பிடி போடுவாள். நீ உள்ளங்கையை நீட்டி, "ஸ்டிக்கர் ஒட்டிக் குடுக்கா, வாசல்ல புடிச்சிக்குவான்" என்பாய். நான் "தொங்க கூத்துரு" ஆனேன். திருடன் மகள். வகுப்பில் முதலாவதாக வருகிற பெண்ணை நடுச்சந்தையில் அப்படிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? நான் நாலடியை எட்டடி ஆக்கிக்கொண்டேன்.

மழைக்கு முன்னால் ஒரு ஞாயிறு, அக்கா பழைய துணியில் சுற்றி ஒரு பித்தளைத் தண்டைக் கொடுத்தாள். செடிக்கு மருந்தடிக்கிற பம்பின் தண்டு. நுனியில் திருகுகிற மரை தேய்ந்து பிடிக்காமல் போயிருந்தது.

"லேத்துல வெச்சா ஒரு சிட்டிக வேல" என்றாய். "காசு வோணாம். கொசுறு குடு."

"திருடன்கிட்ட தர்றேன், திரும்பி வருமா?"

"அடுத்த வாரம் வரும்."

அடுத்த வாரம் நீ இல்லை. மிஷின் ஓடும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆட்டோவில் ஏற்றும்போது "மிஷின ஆப் பண்ணுங்கடா" என்றாயாம். உன்னோடு வேலை செய்கிறவர்கள் இன்னும் அதையே சொல்கிறார்கள். உன் சாப்பாட்டுப் பையை அவர்கள்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மா அதை அப்படியே ஆணியில் மாட்டினாள். யாரும் திறக்கவில்லை.

அம்மா ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். கம்பெனி பஸ் அவளைப் பெரிய ரோட்டில் இறக்கிவிடும். அதனால் கொஞ்ச காலம் காயெல்லாம் அந்தக் கடையில்தான் வாங்கினோம். பில் போடும்போது போன் நம்பர் கேட்பார்கள். நீ கொடுத்த நம்பர்தான் அங்கே பதிவாகியிருந்தது, அதைத்தான் நான் சொல்வேன். திரையில் உன் பெயர் வரும். பில் போடுகிற பெண் அதை மரியாதையாக "காரு" சேர்த்து வாசித்து, பாயின்ட் வேண்டுமா என்று கேட்பாள். உன் போனை அம்மா இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள். உன் பிறந்தநாளுக்கு அந்தக் கடை வாழ்த்து அனுப்பியிருந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு அடுப்பு வேலைக்குப் போனாள்.

சங்கராந்தி முடிந்ததும் அம்மா சொன்னாள்: "இந்தக் காயில ருசியே இல்லடி. ஞாயித்துக்கிழம நீ பஜாருக்குப் போய்க்கினு வா. எனுக்குக் கால் விழுந்துபோவுது."

சரி என்றேன். மறுநாள் பள்ளியில் இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பஜாரில் யாருக்கும் தெரியாது. பில் போடுகிற கடையில் உன் பெயரும் நம்பரும் பிறந்தநாளும் இருந்தன. இத்தனை வருஷம் சிரித்துப் பேசிய முனெம்மா அக்காவுக்கு உன் பெயர்கூடத் தெரியாது. யார் போய் எந்த முகவரியில் சேதி சொல்லியிருப்பார்கள்?

வழி முழுக்க ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போனேன். நல்ல வாக்கியம். அக்கா என்னைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"ஏ தொங்க கூத்துரா! எங்கடி உங்க நைனா? பம்புத் தண்ட எடுத்துக்கினு ஓடியே பூட்டானா?"

பக்கத்து வெங்காயக்காரர் சிரித்தார். காய் வாங்க நின்ற ஓர் அம்மாவும் சிரித்தாள்.

"ஊருக்குப் போயிருக்காரு" என்றேன்.

"எந்த ஊருக்கு?"

"நகரிக்கு."

"நகரியிலேந்து பஸ்ஸே இல்லியா? பம்பு இல்லாம பக்கத்து நெலத்துக்காரன்கிட்ட கை நீட்டிக்கினு கெடக்கறேன்னு சொல்லு." எடை போட்டு முடித்து, கறிவேப்பிலையை அள்ளினாள். "இது திருடனுக்கு. நீ துன்னாத. அவன்கிட்ட குடு."

ஏன் சொல்லவில்லை என்று பிறகு நிறைய யோசித்தேன். எல்லார் முன்னாலும் அழுதுவிடுவேன் என்ற பயம் ஒன்று. அது மட்டும் என்றால் அடுத்த வாரமே சொல்லியிருப்பேன். உண்மை வேறு, நைனா. நீ போனதிலிருந்து உன்னைப் பற்றி எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். நல்ல மனுஷன் என்கிறார்கள். இறந்தவரை யாரும் கோபமாகத் திட்டுவதில்லை. முனெம்மா அக்கா திட்டினாள். அவள் திட்டிக்கொண்டிருந்த வரைக்கும் நீ நகரியில் பஸ் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தாய். எனக்கு அது வேண்டியிருந்தது. அதற்காக அடுத்த ஞாயிறும் பொய் சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறும்.

நகரி போதவில்லை. திருத்தணியில் உனக்கு ஒரு கல்யாணம் வைத்தேன். பட்டறையில் ஞாயிறு வேலை வைத்தேன். ஒரு வாரம் எதுவும் தோன்றாமல் காய்ச்சல் வரவைத்தேன். காய்ச்சல் என்றதும் அக்கா திட்டுவதை நிறுத்திவிட்டாள். கூடைக்கு அடியிலிருந்து, தன் வீட்டுக்கென்று வைத்திருந்த கொய்யாப்பழம் ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். "கசந்த வாய்க்கு நல்லாருக்கும். தண்டு மெதுவா வரட்டும்னு சொல்லு."

கறிவேப்பிலையை ஃபிரிட்ஜில் ஒளித்துவைத்தேன். குழம்பில் போடவும் மனசு வரவில்லை, எறியவும் மனசு வரவில்லை. கொய்யாப்பழத்தை அப்படிச் செய்யவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்று தின்றுவிட்டேன். இனிப்பாக இருந்தது. எல்லாவற்றையும்விட அந்த இனிப்புத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதற்கு அடுத்த வாரம் அக்காவின் குவியல் பாதிதான் இருந்தது. இருந்ததிலும் ஓட்டை. ஓட்டை இல்லாததைப் பொறுக்கி என் பையில் போட்டாள். மற்றவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு, காயையும் பார்த்துவிட்டு, அடுத்த கடைக்குப் போனார்கள். "பூச்சி" என்று வெங்காயக்காரரிடம் சொன்னாள். "கேட்ட அன்னிக்கு பக்கத்து நெலத்துக்காரன் பம்பு தரல. அவன் செடிக்கு அடிச்சி முடிச்சிட்டுத்தான் தருவானாம்." என்னைக் குறை சொல்லவில்லை. உன்னையும் சொல்லவில்லை. நான் காசு கொடுத்துவிட்டு ஓட்டமாக வந்துவிட்டேன். புதுத் தண்டு வாங்காமல் அவள் காத்திருந்தது உனக்காக. அவளைக் காக்கவைத்தது நான்.

அன்று மாலை அம்மா ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இது, கறிவேப்பிலத் தோட்டமா?"

சொன்னேன். நகரி, திருத்தணி, காய்ச்சல், கொய்யாப்பழம், எல்லாம். அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஃபிரிட்ஜுக்கு முன்னாலேயே தரையில் உட்கார்ந்தாள். கதவு திறந்தபடியே இருந்தது.

"செத்தவன் பேரச் சொல்லி வாங்கிக்கினு வந்தியா?" என்றாள். உறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துவிட்டு, "தண்டு எங்க?" என்றாள்.

இருவரும் ஒரே நேரத்தில் ஆணியைப் பார்த்தோம்.

அம்மாதான் பையை இறக்கினாள். பட்டறைக்காரர்கள் உன் டிபன் பாக்ஸைக் கழுவி ஈரத்தோடு மூடியிருந்தார்கள் போல, உள்ளே புழுங்கின வாசனை. அதற்குக் கீழே உன் கைத்துண்டு. அதற்குக் கீழே, பேப்பரில் சுற்றி, தண்டு. நீ அதை முடித்து வைத்திருந்தாய். பழைய பித்தளையின் நுனியில் புது மரை மட்டும் மஞ்சளாக மின்னியது. நான் அந்த ஆணிக்குக் கீழே உட்கார்ந்துதான் தினமும் படிக்கிறேன், நைனா. நீ சொன்ன வாரத்தில் கொடுப்பதற்குத் தயாராக, அது என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"நான் வரட்டா?" என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அக்கா என்னைப் பார்ப்பதற்கு முன் தண்டைத்தான் பார்த்தாள். வாங்கி மரையில் கட்டைவிரலை ஓட்டினாள். முகம் விரிந்தது. அப்புறம் அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. என் தோளுக்குமேல் எட்டி வாசல் பக்கம் பார்த்தாள்.

"எங்க? வெளிய நின்னுக்கினு இருக்கானா? உள்ள வர்றதுக்கு வெக்கமா? வரச்சொல்லுடி, இன்னிக்கி அவனுக்குக் கூடையே கொசுறு!"

தமிழில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெலுங்கில் சொன்னேன். "நைனா சனிப்போயாரு." நைனா இறந்துட்டார். பள்ளிப் பாடத்தில் யாரோ ஓர் அரசரைப் பற்றி வருகிற வாக்கியம் போல அது கேட்டது.

"எப்போ?"

"தீபாவளிக்கு முன்னால."

மரையில் இருந்த அவள் விரல் நின்றது. அவள் மனசுக்குள் வாரங்கள் ஓடுவது எனக்குத் தெரிந்தது.

"அந்தப் பழம்?"

"நான் துன்னுட்டேன்."

அவள் தண்டைக் கீழே வைத்தாள். இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள், சாமி முன்னால் தப்புக்குப் போட்டுக்கொள்வது போல. "செத்த மனுசன, அவன் புள்ள எதிர்லியே, திருடன் திருடன்னு... ஓடிப் பூட்டானான்னு... எந்த வாயில கேட்டேன் நானு!"

இத்தனை நாளும் வெட்கம் என்னுடையது மட்டும் என்று நினைத்திருந்தேன். அவளை வாரா வாரம் அப்படிச் சொல்லவைத்து, அதைக் கேட்டு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டு, இப்போது அந்த வெட்கத்தை அவள் தலையிலும் ஏற்றியிருக்கிறேன்.

"படிக்கிற பொண்ணுதானே நீ?" என்றாள். "ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? தெரிஞ்சிருந்தா நான் வந்து ஒரு மாலயாவது போட்டிருப்பேனே."

 யாரோ கத்தரிக்காய் விலை கேட்டார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடை போட்டாள். பிறகு எனக்கும் போட்டாள். எடை சரியாக வந்ததும் பையில் கொட்டி, காசு வாங்கி, மீதி கொடுத்தாள். கறிவேப்பிலைக் கட்டு பக்கத்திலேயே இருந்தது. அதன்மேல் கை போகவில்லை.

அடுத்து வந்த ஞாயிறுகளில் அவள் என்னை "ஏமி காவாலம்மா?" என்று கேட்டாள். என்ன வேணும்மா என்று, யாரோ புது ஆளைக் கேட்பது போல மரியாதையாக. நல்ல காயாகப் பொறுக்கிப் போட்டாள். அம்மா அரிந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுகூட சொத்த இல்லியே" என்று கவலையாகச் சொன்னாள். அந்தக் கத்தரிக்காயைச் சாப்பிடக் கஷ்டமாக இருந்தது. பெரிய ரோட்டுக் கடைக்கே போய்விடலாம் என்று பலமுறை தோன்றியது. அங்கே என்மேல் யாருக்கும் வருத்தம் இல்லை, வருத்தப்படும் அளவுக்கு என்னை யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் பையை எடுக்கும்போது இதை நினைப்பேன். நினைத்துக்கொண்டே பஜாருக்குப் போவேன்.

போன ஞாயிறு அவள் குவியல் பழையபடி உயரமாக இருந்தது. மருந்து அடித்திருக்கிறாள், தண்டு வேலை செய்கிறது. எனக்கு எடை போடும்போது, தட்டில் ஓரமாக ஒரு காய் காம்பெல்லாம் வாடிப்போய்க் கிடந்தது. தானாக விழுந்ததா, போட்டாளா என்று தெரியவில்லை. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.  அதை எடுத்துக் காட்டினேன்.

"இன்னாக்கா, கத்திரிக்காய்க்கு மொகம் சுருங்கிப் போய்க்குது?"

உன் குரல் மாதிரி வரவில்லை. பாடம் ஒப்பிப்பது மாதிரி வந்தது. வெங்காயக்காரர் தலையைத் திருப்பினார். அக்கா எடைத் தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"உன்ன பாத்துதான் சுருங்கிச்சு" என்றாள், மெதுவாக.

அந்தக் காயை அவள் தட்டிலிருந்து எடுக்கவில்லை. அதையும் சேர்த்தே பையில் கொட்டினாள். பிறகு கறிவேப்பிலையை ஒரு பிடி அள்ளினாள். "இத யாருக்கும் எடுத்துக்கினு போய்க் குடுக்காத. இது உனுக்கு. துன்னு."

நான் பத்தடி போயிருப்பேன். பின்னாலிருந்து பஜாருக்கே கேட்கிற மாதிரி ஒரு குரல்: "ஏ தொங்க கூத்துரா! பை கிழிஞ்சிக்குது பாரு!"

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். நான் திரும்பினேன்.

வரும் வழியில் அம்மாவுக்குச் சோப்புத்தூள் வாங்கப் பெரிய ரோட்டுக் கடையில் நின்றேன். வெளிப் பையை வாசலில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். அதே காவல்காரர். கிழிசல் வழியாக நீட்டிக்கொண்டிருந்த கறிவேப்பிலையைப் பார்த்துவிட்டு, வழக்கப்படி "பில்லு?" என்றார். பஜாரில் வாங்கியது என்று சொன்னால் போதும்.

"கொசுறு" என்றேன்.

காதுவரைக்கும் சூடானது. பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஆனால் சாரி சொல்லவில்லை. அவர் மேலே கேமராவைப் பார்க்காமல் டோக்கனை என்னிடம் நீட்டினார்.

உள்ளே பில் போடும்போது நம்பர் கேட்டார்கள். உன் நம்பரைத்தான் சொன்னேன். உன் பெயரை "காரு" சேர்த்து வாசித்தார்கள். அங்கே இன்னும் நான் சொல்லவில்லை, நைனா. அந்தக் கடையில் யாரும் உனக்காகக் காத்திருக்கவில்லை, அதனால் அந்தப் பொய் யாருக்கும் வலிக்காது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். கொசுறுக்கு இங்கிலீஷில் என்ன என்று பள்ளி நூலகத்துப் பெரிய அகராதியிலும் தேடிப் பார்த்தேன். ஏதோ ஒரு சொல் போட்டிருக்கிறது. அதை நான் எந்த வாசலிலும் சொல்ல மாட்டேன்.

டோக்கனைக் கொடுத்துப் பையை வாங்கினேன். கிழிசல் பெரிதாகியிருந்தது. கறிவேப்பிலை விழுந்துவிடுமோ என்று அதை மட்டும் வெளியே எடுத்து, கையிலேயே பிடித்துக்கொண்டு, பெரிய ரோட்டில் வீடு வரைக்கும் நடந்து வந்தேன்.